ஷேர் கேப் இறக்கிவிடும் தெரு

நகரத்துக் காதல் என்று பேச்செடுத்தாலே நம் நண்பர்கள் சிலர் ஒரு படத்தைக் கொண்டுவந்து நடுவில் வைத்துவிடுவார்கள். ஹலிதா ஷமீமின் 'சில்லுக் கருப்பட்டி'. 2019 டிசம்பர் கடைசியில் வந்தது. நான்கு காதல் கதைகள், எல்லா வயதுக்காரர்களும் இருக்கிறார்கள்: குப்பை பொறுக்கும் சிறுவன், ஷேர் கேபில் போகும் இளைஞன், முதுமையில் துணை தேடுகிறவர்கள், சலித்துப்போன கணவன் மனைவி. நானும் அதை விரும்பிப் பார்த்தவன்தான். பெண்ணை விடாமல் துரத்துவதைக் காதல் என்று அரை நூற்றாண்டு சொல்லிக்கொடுத்த தமிழ் சினிமாவில், துரத்தலும் கத்தலும் இல்லாமல் ஒரு பெண் இயக்குநர் காதலைச் சொன்னது பெரிய காரியம். அதில் மாற்றுக் கருத்தில்லை.

ஆனால் அதே நண்பர்கள் அடுத்த வாக்கியத்தில், "பார்த்தீங்களா தோழர், சாதியைப் பத்திப் பேசாமலேயே இவ்வளவு நல்லா காதல் படம் எடுக்க முடியுது. ரஞ்சித் மட்டும் ஏன் காதலுக்குள்ளயும் இதையே கொண்டுவர்றாரு?" என்று கேட்கிறார்கள். 2022 ஆகஸ்டில் பா. இரஞ்சித்தின் 'நட்சத்திரம் நகர்கிறது' வந்த நாளிலிருந்து இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேட்பவர்கள் சங்கிகளாக இருந்தால் கடந்து போயிருப்பேன். நம்முடன் போராட்டத்துக்கு வருகிறவர்களே கேட்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

நான் குடியிருப்பது தாம்பரத்தில். இந்தப் பக்கத்துப் புறநகர்களைவிட நகரக் காதலுக்குப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் இல்லை என்று சொல்வேன். 1931இலிருந்து கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரயில் ஓடுகிறது. அதன் பெட்டியில் யார் பக்கத்தில் யார் உட்காருவது என்று எந்த நாட்டாமையும் தீர்மானிக்க முடியாது. சானடோரியத்தில் மெப்ஸ் வளாகம், பெருங்களத்தூரிலிருந்து கிளம்பும் கம்பெனி பஸ்கள், மேடவாக்கம் வழியாக ஓஎம்ஆருக்கு நெருக்கியடித்துக்கொண்டு போகும் ஷேர் ஆட்டோக்கள். திருவண்ணாமலையிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் தென்காசியிலிருந்தும் வந்த பிள்ளைகள் இங்கேதான் முதல் சம்பளம் வாங்குகிறார்கள், இங்கேதான் முதல்முறையாக அப்பாவின் கண்ணுக்கு அப்பால் ஒருவரோடு உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. நகரத்தின் மீது நம்பிக்கை வைத்தது சாதியொழிப்பு இயக்கமே. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைப் போற்றிப் பேசியவர்களுக்கு அண்ணல் அம்பேத்கர் கொடுத்த பதிலை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். ஊரை விட்டு வெளியேறு, அடையாளம் கேட்காத இடத்துக்குப் போ என்று நம் தாத்தாக்கள் தங்கள் பிள்ளைகளை அனுப்பி வைத்தார்கள். நானும் அப்படி அனுப்பப்பட்ட ஒருவரின் மகன்தான்.

அதனால் நகரத்தில் சாதி கடந்து சந்திக்க முடியும் என்று காட்டும் படத்தைப் பொய் என்று சொல்ல மாட்டேன். சந்திக்க முடிகிறது. அந்தச் சந்திப்புக்கு அடுத்து என்ன ஆகிறது என்பதுதான் என் கேள்வி.

'சில்லுக் கருப்பட்டி'யின் இரண்டாவது கதைக்குப் பெயர் 'காக்கா கடி'. அலுவலகம் போகும் ஷேர் கேபில் ஒரு ஆணும் பெண்ணும் சந்திக்கிறார்கள். அவனுக்குப் புற்றுநோய் என்று தெரியவருகிறது, நிச்சயமான கல்யாணம் நின்றுபோகிறது. கேபில் அறிமுகமான பெண் கூடவே நிற்கிறாள். மணிகண்டனும் நிவேதிதா சதீஷும் அவ்வளவு இயல்பாக நடித்திருப்பார்கள். காக்கா கடி என்றால் என்னவென்று நகரத்துப் பிள்ளைகளுக்கு இப்போது தெரியுமா என்று தெரியவில்லை. கடலைமிட்டாயைச் சட்டைத் துணிக்குள் வைத்துக் கடித்து, உடைந்த பாதியைப் பக்கத்திலிருப்பவனுக்குக் கொடுப்பது. எச்சில் படாமல் பகிர்ந்துகொள்ளச் சிறுவர்கள் கண்டுபிடித்த வித்தை. அழகான பழக்கம்தான். ஆனால் எச்சில் என்பது நம் நாட்டில் வெறும் சுகாதார விஷயமாக என்றைக்கு இருந்தது? யாருடைய எச்சில் யாருக்கு ஆகாது என்ற கணக்குதான் டீக்கடையில் தனிக்குவளையாகத் தொங்கியது. மிட்டாயைக் கொடுக்கலாம், வாய் மட்டும் படக்கூடாது, நடுவில் துணி இருக்க வேண்டும். இயக்குநர் இதையெல்லாம் யோசித்துப் பெயர் வைத்தார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் சென்னை நமக்குத் தரும் சமத்துவம் பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கிறது. கேன்டீனில் ஒரே மேசை, டப்பா மாற்றிச் சாப்பிடுவோம், பிறந்தநாளுக்குக் கேக் ஊட்டுவோம். துணியை எடுக்கச் சொன்னால் மட்டும் வீட்டிலிருந்து போன் வரும்.

அந்தக் கேபில் இருக்கும் இருவரும் என்ன சாதி என்று படம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று நான் வற்புறுத்தவும் மாட்டேன். ஷேர் கேபில் யாரும் கேட்பதில்லை என்பது உண்மைதானே. கேப் இறக்கிவிடும் தெருவில்தான் கேட்பார்கள்.

நானும் என் இணையரும் வெவ்வேறு சாதிகளில் பிறந்தவர்கள். கல்யாணம் முடிந்ததும் சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் என்று வாடகைக்கு வீடு தேடி அலைந்தோம். யாரும் நேராக "என்ன சாதி" என்று கேட்கவில்லை; அந்த நாகரிகம் வந்துவிட்டது. "சொந்த ஊரு எது தம்பி?" என்பார்கள். ஊர் சொன்னால், "ஊருக்குள்ள எந்தப் பக்கம்?" அடுத்து, "உங்க குலதெய்வம் எது?" ஒரு வீட்டில் வயதான அம்மா ஒருவர், மிகவும் அன்பாகப் பேசியவர், காபியெல்லாம் கொடுத்துவிட்டு என் இணையரைப் பார்த்துக் கேட்டார்: "உங்க அம்மா வீட்டுலேர்ந்து எல்லாரும் வந்து போவாங்கல்ல கண்ணு?" அதற்கு என்ன பொருள் என்று எங்கள் இருவருக்கும் உடனே புரிந்தது. பெண் வீட்டார் வந்துபோகாத தம்பதி என்றால் வில்லங்கம். என்றைக்காவது நாலு பேர் வந்து வாசலில் கத்துவார்கள், போலீஸ் வரும், மாடியில் குடியிருப்பவர்கள் குறை சொல்வார்கள். அந்த அம்மாவின் பயத்தில் நியாயமே இல்லை என்று என்னால் சொல்லிவிட முடியவில்லை. அன்று மாலை தரகர் போனில், "ஓனர் பையன் அமெரிக்காவுலேர்ந்து வர்றானாம் சார், வீடு வேணுமாம்" என்றார்.

தாம்பரத்தை 2021இல் மாநகராட்சி ஆக்கினார்கள். ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து உருவாக்கினார்கள். பெயர் மாறியது, வரி ஏறியது. ஆனால் இந்தப் புறநகர்கள் எல்லாமே நேற்றுவரை ஏரியும் வயலுமாக இருந்த ஊர்கள். அடுக்குமாடிக்குப் பின்னால் போய்ப் பாருங்கள், ஊர்த் தெரு ஊர்த் தெருவாகவே இருக்கிறது, காலனி காலனியாகவே இருக்கிறது. அரசு ஆவணங்களில் 'காலனி' என்ற சொல்லை நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார், வரவேற்கிறோம். வீட்டு ஓனர்களின் மனதில் இருக்கும் வரைபடத்தை எந்த அரசாணை திருத்தும்?

'சில்லுக் கருப்பட்டி'யின் முதல் கதைக்கு வருகிறேன், எனக்கு மிகவும் பிடித்ததும் என்னை மிகவும் தொந்தரவு செய்ததும் அதுதான். குப்பைமேட்டில் பொருள் பொறுக்கும் மாஞ்சா என்ற சிறுவனுக்கு, பணக்கார வீட்டுக் குப்பை வரும் இளஞ்சிவப்பு நிறப் பை வழியாக அந்த வீட்டுச் சிறுமியின் மேல் ஒரு பிரியம் வருகிறது. ஒருநாள் பையில் மோதிரம் கிடைக்க, அதைத் திருப்பிக் கொடுக்க வழி தேடுகிறான். பார்த்தவர்கள் எல்லோரும் கண்கலங்கினார்கள். ஏழைச் சிறுவன், பணக்காரச் சிறுமி என்று படம் நிறுத்திக்கொள்கிறது. இந்த நாட்டில் குப்பைமேட்டில் நிற்பவர்களின் வரிசை பணத்தை வைத்து மட்டுமா போடப்பட்டது? தென்சென்னையின் குப்பை கொட்டப்படும் பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேல் இருக்கிறது. அங்கிருந்து சிறிது தூரத்தில் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். கூவம் கரையிலிருந்தும் நகரத்தின் நடுவிலிருந்தும் பெயர்த்தெடுத்துக் கொண்டுவந்து கொட்டப்பட்ட மக்கள். அவர்களில் மிகப் பெரும்பான்மையோர் யார் என்று இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முகவரியில் கண்ணகி நகர் என்று இருந்தால் வேலை கிடைக்காது என்று பிள்ளைகள் வேறு முகவரி எழுதிய கதையையும் நாம் அறிவோம்.

அதே பள்ளிக்கரணையில்தான் 2024 பிப்ரவரி 24 இரவு ஒரு தலித் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். வேறு சாதிப் பெண்ணைக் காதலித்துத் திருமணம் செய்து சில மாதங்களே ஆகியிருந்தன. பெண்ணின் அண்ணனும் அவனுடைய நண்பர்களும் கைது செய்யப்பட்டார்கள். ஏப்ரல் முடிவதற்குள் அந்தப் பெண்ணும் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். சென்னை மாநகராட்சி எல்லைக்குள், தாம்பரம் காவல் ஆணையரகத்தின் கட்டுப்பாட்டில், மால்களுக்கும் மென்பொருள் நிறுவனங்களுக்கும் கைக்கெட்டும் தூரத்தில் இது நடந்தது. இரண்டு நாள் தொலைக்காட்சி விவாதம், ஒரு வாரம் கண்டன அறிக்கை. அந்த ஆண்டு தமிழில் எத்தனை நகரக் காதல் படங்கள் வந்தன என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றிலாவது பள்ளிக்கரணை உண்டா?

இருபது ஆண்டுகளுக்கு முன் பாலாஜி சக்திவேலின் 'காதல்' வந்தபோது சென்னைக்கு வேறொரு வேடம் இருந்தது. மதுரையிலிருந்து தப்பி ஓடிவரும் முருகனும் ஐஸ்வர்யாவும் சென்னையில் இடம் தேடி அலைவார்கள். மேன்ஷன் பசங்கள் சேர்ந்து கல்யாணம் செய்துவைப்பார்கள். பிறகு ஊரிலிருந்து ஆள் வந்து திரும்பக் கூட்டிப்போய்த் தாலியை அறுப்பார்கள். 2004இல் சாதி மதுரையிலிருந்து வண்டி ஏறி வர வேண்டியிருந்தது. சென்னை கைவிட்டதே தவிரக் கொல்லவில்லை. பள்ளிக்கரணையில் கொலை செய்ததாகக் கைதானவர்கள் எங்கிருந்தும் வரவில்லை, இங்கேயே வளர்ந்த பிள்ளைகள். கிராமத்துக்காரன் அரிவாள் எடுப்பான், நகரத்துக்காரன் நாகரிகமானவன் என்ற பொதுப்புத்திக்கு அன்றே முடிவு கட்டியிருக்க வேண்டும்.

அப்படியே நகரத்தில் ஒருவர் பிழைத்துக்கொண்டாலும் ஊருக்குத் திரும்பிப் போய்த்தானே ஆக வேண்டும்? 2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டையில் கொல்லப்பட்ட கவின் சென்னையில் ஐடி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். தலித் இளைஞன் படித்து, நல்ல சம்பளம் வாங்கி, கௌரவமாக இருந்தால் சாதி தானாக உதிர்ந்துவிடும் என்று நமக்கு உபதேசம் செய்தவர்கள் அந்த வாரம் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை.

உணர்ச்சிவசப்பட்டுப் பேசுகிறேன் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. இந்திய மனித வளர்ச்சி ஆய்வின் 2011-12 தரவுப்படி இந்தியாவில் சாதி கடந்த திருமணங்கள் ஏறத்தாழ 5 விழுக்காடுதான். அந்தத் தரவை டெல்லி இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்தபோது, நகரத்தில் வாழ்வதால் அந்த எண்ணிக்கை கூடவில்லை என்று தெரிந்தது. மணமக்களின் படிப்பும் பெரிய மாற்றத்தைக் கொண்டுவரவில்லை. எதனால் கூடியது தெரியுமா? மணமகனின் அம்மாவின் படிப்பால். இந்த முடிவைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை, தெருத் தெருவாக வீடு தேடியவனுக்கு எப்படி வரும்? 1916இல், இருபத்தைந்து வயதில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையிலேயே சாதியின் சாரம் அகமணமுறை என்று அம்பேத்கர் சொல்லிவிட்டார். சாதி அலுவலகத்திலோ ரயிலிலோ உயிர் பிழைப்பதில்லை. யார் மருமகளாக வரலாம் என்று முடிவு செய்யும் கூடத்தில்தான் பிழைக்கிறது. சென்னையில் வளர்ந்த பாரத் மேட்ரிமோனி நிறுவனம் சாதிக்கொரு தனித்தளம் நடத்துகிறது. ஷேர் கேபில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போகும் இரண்டு பேரின் ஜாதகங்கள் அங்கே வேறு வேறு கதவுக்குப் பின்னால் இருக்கும்.

இப்போது 'நட்சத்திரம் நகர்கிறது'. படுக்கையில் இருக்கும் காதலர்களுக்குள் இளையராஜா பாட்டை வைத்துச் சண்டை வருகிறது, சண்டை முற்றியதும் இனியன் வாயிலிருந்து சாதி வந்து விழுகிறது. தமிழ் சினிமாவில் நகரத்து முற்போக்குக் காதலனை இவ்வளவு நேராகப் பிடித்த இன்னொரு காட்சியை நான் பார்த்ததில்லை. வெளியிலிருந்து ஒரு வில்லனும் வரவில்லை, படித்த, அன்பான, நல்ல இசை கேட்கிற பையனுக்குள்ளேயே அது இருந்தது. துஷாரா விஜயனின் ரெனே அதற்காக அழுது ஒடுங்கவில்லை, விலகி நிமிர்ந்து நிற்கிறாள். அந்த நாடகக் குழுவில் திருநங்கை இருக்கிறார், தன்பாலினக் காதலர்கள் இருக்கிறார்கள், சாதிப் பெருமையோடு வந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்ளும் அர்ஜுன் இருக்கிறான். காதலுக்குள் ரஞ்சித் சாதியைக் கொண்டுவரவில்லை தோழர்களே, அது ஏற்கனவே அங்கே படுத்திருந்தது, அவர் விளக்கைப் போட்டார், அவ்வளவுதான்.

அந்தப் படத்தின் மேலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. கதை நடப்பது புதுச்சேரியில், ஒரு நாடகக் குழுவுக்குள். அங்கே எல்லோரும் பேசத் தெரிந்தவர்கள், பேசுவதற்கு நேரமும் இடமும் உள்ளவர்கள். ஆணவக்கொலை அங்கே ஒத்திகை பார்க்கப்படும் நாடகமாகிறது. கடைசியில் கதாயுதத்தோடு ஒருவன் அரங்குக்குள் புகுந்து அடித்து நொறுக்கும்போது அவன் வெளியிலிருந்து வருகிறான். ஆனால் மெப்ஸில் ஷிப்ட் முடிந்து இரவு பத்து மணிக்கு விடுதிக்குத் திரும்பும் பெண்ணுக்கு அந்த விவாத வட்டம் கிடையாது. அவளுடைய காதலனுக்குக் கோட்பாடு தெரியாது, பைக் தவணை தெரியும். இவர்களின் நகரம் 'சில்லுக் கருப்பட்டி'யிலும் இல்லை, 'நட்சத்திரம் நகர்கிறது' படத்திலும் இல்லை.

இந்தியில் 2007இல் அனுராக் பாசு எடுத்த 'லைஃப் இன் எ மெட்ரோ' மும்பைக் காதல்களைக் கோத்த படம். அதில் ஒரு இளைஞன் தன் ஃபிளாட்டின் சாவியை அலுவலக மேலாளர்களின் கள்ள உறவுகளுக்குக் கொடுத்துக் கொடுத்துப் பதவி உயர்வு தேடுவான். சாதி பற்றி அந்தப் படத்துக்கும் எதுவும் தெரியாது. ஆனால் ஒன்று அதற்குத் தெரிந்திருந்தது: நகரத்தில் காதலுக்கு முதலில் வேண்டியது ஒரு அறையும் அதன் சாவியும். அங்கே சாவி கேட்டு நின்றவர்கள் அதிகாரம் உள்ளவர்கள். தாம்பரத்தில் சாவி கேட்டு நிற்கிறவர்கள் உயிருக்குப் பயந்தவர்கள். அவர்களுக்கு யார் கொடுப்பது?

சட்டம் கொடுத்திருக்க வேண்டும். சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்யப் போனால் 30 நாள் அறிவிப்பு ஒட்டுவார்கள், நிரந்தர முகவரி வேறு மாவட்டம் என்றால் அங்கேயும் ஒரு பிரதி போகும். ஓடி வந்தவர்களின் முகவரியை ஓட வைத்தவர்களுக்கு அரசே தபாலில் அனுப்பும் ஏற்பாடு. அண்ணா ஆட்சியில் 1967இல் நிறைவேறிய சுயமரியாதைத் திருமணச் சட்டம் இந்தத் தொல்லை இல்லாதது. வழக்கறிஞர்கள் தனிப்பட்ட முறையில் அதை நடத்திவைக்கலாம் என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனாலும் என் நண்பர்களின் திருமணத்தைப் பதியப் போன ஒரு அலுவலகத்தில், எல்லாத் தாளும் சரியாக இருந்தும், "அப்பா அம்மா யாரும் வரலியா?" என்றுதான் முதல் கேள்வி. இருவருக்கும் வயது முப்பதை நெருங்குகிறது.

ஒவ்வொரு மாவட்டத்திலும் சாதி கடந்து மணப்பவர்களுக்காகச் சிறப்புப் பிரிவும் 24 மணி நேர உதவி எண்ணும் வேண்டும் என்று 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பாதுகாப்பு இல்லங்கள் அமைப்பதைப் பரிசீலியுங்கள் என்று 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மாநில அரசுகளிடம் சொன்னது. நம் அரசிடம் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் கலப்புத் திருமண நிதியுதவித் திட்டம் இருக்கிறது, 8 கிராம் தங்கம் தருகிறார்கள். தாலிக்குத் தங்கம் உண்டு, அதைக் கட்டிக்கொண்டு அன்று இரவு தூங்குவதற்கு ஒரு கதவுள்ள அறை இல்லை. கவின் கொல்லப்பட்ட அடுத்த மாதம், காதல் திருமணங்களுக்குத் தங்கள் கட்சி அலுவலகங்கள் திறந்திருக்கும் என்று மார்க்சிஸ்ட் கட்சி அறிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் சாதி மறுப்புத் திருமணம் நடத்திவைத்ததற்காகத் திருநெல்வேலியில் அவர்களின் அலுவலகம் அடித்து நொறுக்கப்பட்டிருந்தது. தோழர்களைப் பாராட்டுவோம். ஆனால் அரசு செய்ய வேண்டியதைக் கட்சி அலுவலகத்தின் தகரக் கதவு எத்தனை நாள் தாங்கும்?

ஆணவக்கொலைகளுக்கு எதிரான சட்டத்துக்காக ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று 2025 அக்டோபரில் அரசு அறிவித்தது. தண்டனைப் பிரிவுகளைப் பற்றி வழக்கறிஞர்கள் நிறையப் பேசுவார்கள், பேசட்டும். கொலைக்கு முந்தைய மாதங்களைப் பற்றியும் யாராவது பேச வேண்டும். பதிவு அலுவலகத்தின் கேள்விகள், வாடகை வீட்டின் கேள்விகள், "சமாதானம் பேசலாம் வாங்க" என்று பெண் வீட்டாரையும் வரச்சொல்லும் காவல் நிலையங்கள். இந்த ஆணையம் சட்டத்தில் பாதுகாப்பு இல்லத்தைக் கட்டாயமாக்கப் பரிந்துரைக்க வேண்டும். அதில் ஒன்றைச் செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகத்துக்குப் பக்கத்தில் கட்டினால் போதாது. பள்ளிக்கரணையிலிருந்து ஒரு ஷேர் ஆட்டோவில் போய்ச் சேரும் தூரத்தில், இரவு பதினொரு மணிக்கும் கதவு திறக்கும் இடமாக அது இருக்க வேண்டும்.